பவளம் இல்லாத தொட்டி

என் வீட்டு முன்னறையில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. நூறு லிட்டர் பிடிக்கும். இதில் ஈடுபாடு உள்ளவர்கள் ரீஃப் டேங்க் என்பார்கள். கல், மணல், அலை, வெளிச்சம், மீன் எல்லாம் சேர்த்துப் பவளப்பாறையின் ஒரு மூலையை வீட்டுக்குள் உண்டாக்கும் வேலை. என் தொட்டியில் மற்ற எல்லாம் உண்டு, பவளம் மட்டும் கிடையாது. கேட்டால் கொண்டுவந்து தருகிறேன் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். பணமும் பெரிய தடையாக இல்லை. வேண்டாம் என்று நானே முடிவெடுத்தேன். மனசுக்குப் பிடித்த ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டால்தான் அந்த ஆசை நிறைந்ததாகுமா என்ற கேள்வி எனக்கு இந்த உப்புத் தண்ணீர் வழியாகத்தான் வந்தது. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் தொட்டியின் முன்னால் நிற்கும்போது அந்தக் கேள்வியும் கூடவே நிற்கிறது.

எங்கள் சேதராப்பட்டில் கடல் கிடையாது. தொழிற்பேட்டைக்கு வந்துபோகும் லாரிகள், மயிலம் பேருந்து, செம்மண், சவுக்கு, மல்லாட்டைக் கொல்லை, மழைக்காலம் முடிந்தால் ஊசுட்டேரிக்கு வரும் பறவைகள், இவைதான் எங்கள் ஊர். புதுச்சேரிப் பகுதியின் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்தவர்கள் நாங்கள். வானூர்ப் பக்கம் கொஞ்சம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். கடல் பார்க்க வேண்டுமானால் காலாப்பட்டுக்கோ புதுச்சேரிக்கோ வண்டி எடுக்க வேண்டும். ஆனால் இந்த மண்ணுக்கு அடியில் கடல் கிடக்கிறது. சேதராப்பட்டு, கரசூர், வழுதாவூர் வட்டாரத்தில் செம்மண்ணுக்குக் கீழே இருக்கும் சுண்ணாம்புப் பாறைகள் ஒரு காலத்தில் கடலடித் தரையாக இருந்தவை. டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலத்திலும், அவை அழிந்தபின் வந்த காலத்திலும் இங்கே அலையடித்தது. ஆறரைக் கோடி ஆண்டுக் கணக்கு. கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் பொறுக்கிய கடலுயிர்களின் கல்லுருக்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் ஆராய்ந்து 1846-ல் லண்டனில் வெளியிட்டார். புதுச்சேரியிலிருந்து திருவக்கரைக்குக் கல்மரம் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், வழியில் கடந்தது கடல் வற்றிப்போன தரை என்று?

பவளத்தை நான் முதலில் தொட்டது தனுஷ்கோடியில். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊரில் இன்னும் நிற்கிற தேவாலயச் சுவர் பவளக் கற்களால் கட்டப்பட்டது. கையை வைத்தால் நட்சத்திரம் நட்சத்திரமாகத் துளைகள் தட்டுப்படும். ஒவ்வொரு துளையும் ஒரு சின்ன உயிர் இருந்த இடம். கடலில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை எடுத்து அது தனக்கென்று ஒரு கிண்ணம் கட்டிக்கொள்கிறது. அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் உணவு சமைத்துப் பெரும்பங்கை வீட்டுக்காரருக்கே கொடுக்கிறது. இதையெல்லாம் பின்னால்தான் படித்தேன். அன்றைக்குச் சுவரிலிருந்து கையை எடுக்க மனமில்லாமல் நின்றது மட்டும் நினைவிருக்கிறது. உயிரோடு இருக்கும்போது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும், பார்த்தால் போதாது, பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று தோன்றியது.

இந்த ஆசை புதிதில்லை. ஃபோர்ப்ஸ் எங்கள் வட்டாரத்துக் கல்லுருக்களைப் பற்றி எழுதிய அதே 1846-ல், அன்னா தைன் என்ற பெண்மணி இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளங்களை லண்டனுக்கு எடுத்துப் போனார். லண்டனில் கடல் நீருக்கு எங்கே போவது? இருக்கிற நீரையே சாகாமல் காக்க வேண்டும். அதற்கு அவர் கண்ட வழி, திறந்த சன்னல் முன் நின்று நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றுவது. அந்த வேலையை நாள்தோறும் அரை மணி, முக்கால் மணி நேரம் செய்தவர் வீட்டுப் பணிப்பெண். பிறகு கடற்பாசி சேர்த்தார்கள், பாசி மூச்சுக்காற்று கொடுத்தது, பவளம் பிழைத்தது. அந்தப் பணிப்பெண்ணின் கை இல்லாமல் அது நடந்திருக்காது.

நம் பக்கத்தில் எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயரின் முயற்சியில் 1909-ல் சென்னை மெரினா கரையில் மீன் காட்சியகம் திறந்தார்கள். போர்க்காலத்தில், 1942-ல், அதை மூடிவிட்டார்கள். அலை கேட்கும் தூரத்தில் இருந்தவர்களுக்கு நீர் ஒரு பிரச்சினை அல்ல. எனக்கு நீரிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஆர்.ஓ. பிளாண்ட் பார்ப்பவன் நான். தண்ணீரை நாக்கால் நம்பக்கூடாது, மீட்டரால்தான் நம்ப வேண்டும் என்பது வேலை சொல்லிக்கொடுத்த பழக்கம். எங்கள் போர்வெல் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, பல நூறு காட்டும். கடல் தொட்டிக்கு அது பூஜ்யமாக இருக்க வேண்டும். அந்த வெறுந்தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் கடல் உப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். மரக்காணத்தில் மலைமலையாக உப்புக் குவிந்திருக்கும்போது இதற்கென்று விலை கொடுத்து உப்பு வாங்குவானேன் என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. உப்பளத்தில் கடல் நீர் காயும்போது முதலில் சுண்ணாம்புச் சத்து அடியில் படிந்துவிடும், அடுத்து ஜிப்சம், அதற்குப் பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு. மக்னீசியம் கடைசிவரை மிஞ்சும் கசப்பு நீரில் தங்கிவிடும், அதை வடித்துவிடுவார்கள். ஆகவே அளத்து உப்பைத் திரும்பத் தண்ணீரில் கரைத்தால் உப்புத் தண்ணீர் கிடைக்கும், கடல் கிடைக்காது. லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும், 1300 அளவில் மக்னீசியமும் இருந்தால்தான் ஓடு கட்டும் உயிர்களுக்கு அது கடல்.

அப்புறம் தினப்படி வேலை. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே நிற்கும். அதனால் குறைந்த அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். நீர் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். பெரிய விஷயம் எதுவும் இல்லை, ஒரு சொம்புத் தண்ணீர். ஆனால் இன்று விட்டுவிட்டு நாளை இரண்டு சொம்பாக ஊற்றினால் கணக்கு நேராகிவிடாது. ஒரு நாள் உப்பு ஏறி மறுநாள் சட்டென்று இறங்குவதை உள்ளே இருக்கும் நத்தையும் புழுவும் உடம்பில் தாங்க வேண்டும். சேர்த்துவைத்துச் செய்ய முடியாத வேலைகள் வாழ்க்கையில் சில இருக்கின்றன. வயதான அப்பாவுக்கு வேளைக்கு மாத்திரை கொடுத்த காலத்தில் அதை ஒரு மாதிரி அறிந்திருந்தேன். தொட்டி அதை எனக்கு எண்ணாக, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் காட்டும் கோடாக, விளக்கியது.

முதல் ஒன்றரை மாதம் தொட்டியில் மீனே கிடையாது. கல்லும் மணலும் நீரும் ஓடும் மோட்டாரும்தான். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும், "என்னப்பா, மீனு இல்லாத தொட்டி?" என்றார்கள். அழுகும் எதிலிருந்தும் அம்மோனியா வரும். அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக்கும்; அதுவும் ஆகாது. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அதை ஓரளவு பொறுக்கலாம். இந்த இரண்டு கூட்டமும் கல்லின் துளைகளில் குடியேறிப் பெருகும்வரை நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை. டெஸ்ட் கிட்டில் சொட்டு விட்டுப் பச்சையா மஞ்சளா என்று பார்க்கலாம், அவ்வளவே. தொழிற்சாலையில் எதையும் அழுத்தம் கூட்டி விரைவாக்கப் பழகியவன் நான். இங்கே கூட்டுவதற்கு அழுத்தம் இல்லை.

சின்னத் தொட்டி என்றால் சுலபம் என்று நினைத்துத்தான் பலரும் தொடங்குகிறார்கள். நேர்மாறானது உண்மை. நூறு லிட்டரில் ஒரு நத்தை செத்துக் கிடந்தால் ஒரே இரவில் நீர் கெடும். ஆயிரம் லிட்டரில் அது தெரியவே தெரியாது. அறையின் வெப்பம் ஏறினால் சின்ன நீர் உடனே ஏறும். கடலில் ஒரு திமிங்கலமே செத்து மிதக்கலாம். கடல் அதை வாங்கிக்கொள்ளும். கடலின் பொறுமை அதன் அளவிலிருந்து வருகிறது. இந்தத் தொட்டியைக் கவனிக்கத் தொடங்கிய பிறகு, மனிதர்களிடமும் இதைப் பார்க்கிறேன். சின்ன வருமானத்தில், சின்ன வீட்டில், சின்ன வட்டத்தில் வாழ்பவர்களுக்கு ஒரு சின்னத் தவறு எவ்வளவு பெரிய விலை கேட்கிறது! அவர்களை நிதானமில்லாதவர்கள் என்று சொல்பவர்கள் பெரிய நீரில் இருப்பவர்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாங்கியது, பிறகு பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப், பிறகு அதுவும் தீர்ந்தது. மோட்டார் நின்றால் நீரில் காற்று கலப்பது நின்றுவிடும்; கல்லுக்குள் இருக்கும் நுண்ணுயிர்க் கூட்டமும் மீனைப் போலவே மூச்சுக்காற்றுக்கு ஏங்கும். அன்றைக்கு நானும் மகளும் முறை வைத்து ஒரு மக்கால் தொட்டி நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். வெளியே தெருவெல்லாம் வெள்ளம். உள்ளே நாங்கள் நீரை மொண்டு நீரிலேயே ஊற்றுகிறோம். "எவ்ளோ நேரம்ப்பா ஊத்தணும்?" என்றாள் மகள். கரண்ட் வரும்வரை என்றேன். லண்டனில் சன்னல் முன் நின்ற அந்தப் பெண்ணைப் பற்றி அவளிடம் சொன்னேன். அவர் பெயர் என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இடத்தில் எங்கும் அவர் பெயரைப் போடவில்லை. அந்த இரவில் தொட்டி பிழைத்தது. கடலில் காற்றும் அலையும் கூலி இல்லாமல் செய்யும் வேலையின் கனம் அன்று என் தோளுக்குத் தெரிந்தது.

இனி பவளத்துக்கு வருகிறேன். ராமேசுவரம் தொடங்கித் தூத்துக்குடி வரை கரையை ஒட்டி மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். மீனவர்கள் பார் என்பார்கள். 1986-ல் அது கடல்வாழ் தேசியப் பூங்கா ஆனது. அதற்கு முன்னும் பின்னும் நெடுங்காலம் வள்ளம் வள்ளமாகப் பவளக்கல்லை வெட்டி எடுத்தார்கள்: வீடு கட்ட, சுண்ணாம்பு சுட, தொழிற்சாலைக்குக் கொடுக்க. வெட்டியவர்கள் ஏழைகள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பார் உடைந்த பின் தீவுக்குத் தடுப்பு இல்லை. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 2001-ல் பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலிக்குள்ள அதே இடம். எடுத்தாலோ விற்றாலோ மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. 2004 சுனாமி பாரின் அருமையைக் கரைக்காரர்களுக்குக் காட்டிய பிறகு, 2005 வாக்கில் வெட்டுவது ஓய்ந்தது.

கை வைப்பதை நிறுத்திய பிறகும் கடல் தப்பவில்லை. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தால் பவளம் தன் உடம்பில் குடியிருக்கும் பாசியை வெளியேற்றிவிடும். நிறம் போய் வெள்ளை எலும்பு தெரியும். வெப்பம் தணிந்தால் பாசி திரும்பும். தணியாவிட்டால் பட்டினிச் சாவு. 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் இது பெரிய அளவில் நடந்தது. 2016-ல் உயிருள்ள பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 ஆகக் குறைந்ததாகத் தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் கணக்கெடுத்தார்கள். ஒரு டிகிரி என்று செய்தித்தாளில் படித்தால் ஒன்றும் உறைக்காது. கத்திரி வெயிலில் எங்கள் தொட்டி நீர் முப்பதைத் தாண்டும்போது மின்விசிறியை நீர்மேல் திருப்பிவைத்து, ஆவியாக்கி, இரண்டு மூன்று டிகிரி இறக்குகிறேன். புழுக்கம் கூடிய நாளில் அதுவும் பலிக்காது. தெர்மாமீட்டரில் அந்த ஒரு கோடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மத்தியானங்களில் மன்னார் வளைகுடா எனக்கு எட்டாத இடமாக இல்லை. அங்கே திருப்பிவைக்க விசிறி கிடையாது.

அதே நிறுவனத்தார் 2002-லிருந்து பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டிக் கடலடியில் நட்டுவருகிறார்கள். கிளை பிரியும் வகைகள் ஆண்டுக்குப் பத்து செ.மீ. அளவுக்கு வளரும், உருண்டை வகைகள் ஒரு செ.மீ. வளர்ந்தாலே அதிகம். தனுஷ்கோடிச் சுவரில் நான் கை வைத்த ஒரு கல்லுக்கு எத்தனை ஆண்டு ஆகியிருக்கும் என்று இதை வைத்து எண்ணிப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு துண்டை விலை கேட்க வாய் எழவில்லை. சட்டம் தடுக்கிறது என்பது உண்மை. சட்டம் இல்லாவிட்டாலும் எழுந்திருக்காது.

அதனால் தொட்டியில் கல் என்று இருப்பது சுட்ட பீங்கான் கல். கடலில் எடுத்த கல் ஒன்றுகூட இல்லை. மீன் என்று இருப்பது ஒரு ஜோடி கோமாளி மீன், அதுவும் குஞ்சுப் பண்ணையில் பிறந்தவை. கடல் மீன் கடைகளில் பார்க்கும் வகைகளில் பெரும்பாலானவை இன்றைக்கும் கடலில் பிடித்தவைதான். தென்கிழக்காசியாவில் சில இடங்களில் சயனைடு பீய்ச்சி மயக்கிப் பிடிக்கும் கொடுமையும் உண்டு. கோமாளி மீனில் அதற்கு அவசியமே இல்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் அதைத் தொட்டியில் முட்டையிடவைத்துக் குஞ்சு பொரித்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன. எல்லாமே ஆணாகப் பிறக்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். எங்கள் ஜோடியில் பெரியது மாறிவிட்டது. கல்லில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை ஒட்டியபின் ஆண் மீன் இரவு பகல் பாராமல் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். இவை தொட்டியில் இருபது ஆண்டுக்கு மேலும் வாழும் என்று தெரிந்துதான் கொண்டுவந்தேன். வாங்கும்போது விலையைக் கேட்கிறோம். ஆயுளைக் கேட்பவர்கள் குறைவு. வீட்டில் உட்காரவைத்துப் பேசினோம்: மகள் கல்யாணமாகிப் போனால் யார் பார்ப்பது, எனக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பது என்று. ஒரு மீனுக்கா இத்தனை பேச்சு என்று அம்மா கேட்டார். ஆமாம், ஒரு மீனுக்குத்தான்.

பவளம் இல்லாத தொட்டியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, உட்காருங்கள் என்று ஸ்டூலை நகர்த்திப்போடுகிறேன். நத்தை ஓட்டில் ஒட்டிவந்த சுண்ணாம்புப் பாசி இப்போது வெள்ளைக் கல்லின் பாதியை இளஞ்சிவப்பாக்கியிருக்கிறது. கடலில் உடைந்த பாரை ஒட்டவைப்பதும் இந்த இனம்தான். கல்லிடுக்கில் விசிறிப்புழு ஒன்று இறகை விரிக்கும், நிழல் பட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். இரவில் டார்ச் அடித்தால் அரிசிக் குருணையைவிடச் சிறிய இறால் இனங்கள் கண்ணாடியில் ஓடும். இவற்றில் பாதியை நான் கொண்டுவரவில்லை. இடம் சரியாக இருந்ததால் தாமாகப் பெருகியவை. நாம் தேடிப்போனது கிடைக்காத இடத்தில் இப்படி வந்து சேர்பவற்றைப் பார்க்கும் கண் எனக்கு முன்பு இருந்ததில்லை.

பவளம் வேண்டாம் என்பதில் தங்கை மகனுக்கு உடன்பாடு இல்லை. அவனுக்கும் இப்போது தொட்டிப் பித்து பிடித்திருக்கிறது. "மாமா, தொட்டியிலயே வளத்து, தொட்டியிலயே வெட்டி விக்கிறாங்க. பேப்பரோட இறக்குமதி பண்றாங்க. அதுல கடலுக்கு என்ன நஷ்டம்?" என்கிறான். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. வெளிநாடுகள் சிலவற்றில் தட்டுகளில் நாற்று வைத்ததுபோல் பவளத் துண்டுகளை வளர்க்கிறார்கள்; அது கடலிலிருந்து உடைத்து எடுப்பதற்குச் சமமல்ல. தாய்த்தொட்டியில் வளர்ந்த துண்டை ஒருவர் முறைப்படி வாங்கி வைத்துக்கொண்டால் நான் அவரைத் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் கையில் ஒரு துண்டைக் கொடுத்தால் அது தொட்டியில் பிறந்ததா, பாரில் உடைத்ததா என்று அதைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. நான் வாங்குகிறேன் என்று தெரிந்தால் யாரோ ஒருவர் வள்ளத்தை இறக்கக்கூடும். அதோடு நூறு லிட்டர் நீர், சித்திரை வெயில், எங்கள் ஊர் மின்சாரம், இந்த மூன்றையும் வைத்துப் அந்த ஒரு டிகிரி ஏறாது என்று பவளத்துக்கு நான் உறுதி கொடுக்க முடியுமா என்றால், முடியாது. இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். "அப்ப அந்த ஆசைய என்னா பண்ணுவ?" என்றான். ஆசை அப்படியே இருக்கிறது என்றேன். இருக்கட்டும், அதற்கு என்ன?

போன மாதம் அவன் தன் தொட்டியில் நீர் நிரப்பினான். கல் பீங்கான்தான், அதுவரை என் பேச்சைக் கேட்டான். அம்மோனியா இன்னும் இறங்கவில்லை. சொட்டு விட்டு நிறம் பார்த்து எனக்குப் படம் அனுப்புகிறான்; இரண்டு நாளைக்கு ஒரு தரம் மீன் எப்போது விடலாம் என்று கேட்கிறான். இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். பவளப் பேச்சையும் அவன் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைப் பேசத்தான் வருகிறான், அவன் அம்மாவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு.